சிஸ்டரிடம் கேளுங்கள்: மூச்சை எண்ணினீர்களா, எழுதினீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூச்சைப் பற்றித்தான். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அனாட்டமியில் சுவாச மண்டலம் நடக்கிற நேரம் போலிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் வார்டிலும் வகுப்பறையிலுமாக ஓடிவிட்டு, இப்போது மஞ்சக்குப்பத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு மேடம், ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணச் சொல்கிறார்கள்? எங்கள் வார்டில் யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.
– ஜி.என்.எம். முதலாமாண்டு மாணவி, நெல்லிக்குப்பம்

யாரும் எண்ணுவதில்லை என்று நீ எழுதியிருப்பது நிஜம்தான்மா. டி.பி.ஆர். சார்ட்டில் டெம்பரேச்சருக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பல்ஸுக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. ரெஸ்பிரேஷன் கட்டத்துக்கு மட்டும் கண்ணும் கடிகாரமும்தான். அதனால் அந்தக் கட்டத்தில் எல்லா நோயாளிக்கும் 20 என்று விழும். கொஞ்சம் கெட்டிக்காரர்கள் 18, 20, 22 என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

நானும் அப்படி எழுதியவள்தான். இரண்டாமாண்டு, நைட் டூட்டி. விடியற்காலை நாலு மணி ரவுண்டில் வரிசையாக 20 போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டிலில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஆன ஒரு தாத்தா. மற்றவர்களெல்லாம் தூங்க, அவர் மட்டும் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். "தூக்கம்... வரல பாப்பா" என்றார். தூக்கத்துக்கும் வரலைக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கினார். அதைக் காதில் கேட்டுவிட்டும் 20 எழுதினேன்.

நைட் சிஸ்டர் டார்ச்சோடு வந்தார். சார்ட்டைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், என் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். "எண்ணு" என்றார், அவ்வளவுதான். எண்ணினேன். 34. டார்ச் வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை கயிறு மாதிரி முறுக்கேறியது, காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது, மூக்கின் ஓரம் விரிந்து சுருங்கியது. நிமோனியா ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் திட்டவில்லை. 20-ஐ அடித்து 34 என்று எழுதச் சொன்னார், பக்கத்தில் கையெழுத்தும் போடச் சொன்னார். தாத்தா பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தக் கையெழுத்து இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது எங்கள் வார்டில் ஆக்ஸிமீட்டரெல்லாம் கிடையாது. இருந்திருந்தால் என்ன, 94 என்றோ 95 என்றோ காட்டியிருக்கும், நானும் நிம்மதியாக நகர்ந்திருப்பேன். காரணம் இதுதான். நுரையீரலில் ஒரு பக்கம் சளி கட்டி வேலை செய்யாமல் போனதும், மூளையின் அடியில் இருக்கிற முகுளத்துக்குச் சேதி போகிறது. அது உடனே மூச்சைக் கூட்டுகிறது. கூட்டுவதால்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்காமல் நிற்கிறது. ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தவனும் பஸ்ஸில்தான் இருக்கிறான், நிதானமாக ஏறியவனும் பஸ்ஸில்தான் இருக்கிறான். மெஷின் 'பஸ்ஸில் இருக்கிறான்' என்று மட்டும் சொல்லும். யாருக்கு இரைக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60-க்கு இறங்கினாலும் ஆக்ஸிமீட்டர் 90 வரைதான் இறங்கும். அதுவரை சரிவு மெதுவாக இருக்கும். 60-க்குக் கீழே போனால் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்து. மெஷின் கத்தும்போது நோயாளி ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறார்.

எண்ணுகிற விதம்: மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார்க்கிற பாவனையிலேயே நின்றுகொள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக விடமாட்டார்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழு 60 விநாடி. பெரியவர்களுக்கு 12 முதல் 20. குழந்தையானால் சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார், அழாத நேரத்தில். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு முதல் 12 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் வேக மூச்சு. பச்சைக் குழந்தை நாலு மூச்சு வேகமாக விட்டுவிட்டுச் சற்று நிறுத்தும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் அங்கேதான் ஏமாந்துபோவாய்.

கேள்வி: மூச்சுக்குழாய்க்குள் போகும் பொருள் பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஏன் வலது? மனப்பாடம் செய்தாலும் பரீட்சையில் மாறிப்போகிறது.
– மாணவி, பண்ருட்டி

முந்திரியும் மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) விளைகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான். மனப்பாடம் வேண்டாம், உன் விரலை எடு. கழுத்தடியில் எலும்புக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதா? அதிலிருந்து நேராக மூன்று விரல்கடை கீழே தடவு. நெஞ்செலும்பில் ஒரு சின்ன மேடு தட்டும். இரண்டாவது விலா வந்து சேருகிற இடம் அது. அதற்கு நேர் பின்னால்தான் ட்ரக்கியா, அதாவது மூச்சுக்குழாய், இரண்டாகப் பிரிகிறது. சளி உறிஞ்சுகிற சக்ஷன் டியூப் அந்தப் பிரிவில் இடித்தால் நோயாளி உடம்பே தூக்கிப்போடும்படி இருமுவார், பார்த்திருப்பாய்.

ட்ரக்கியா ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். பதினாறிலிருந்து இருபது குருத்தெலும்பு வளையங்கள், எல்லாம் பின்பக்கம் திறந்த லாடம் மாதிரி. பின்னால் உணவுக்குழாய் இருப்பதால் சோற்றுக் கவளம் இறங்கும்போது அதற்கு இடம் வேண்டும் அல்லவா. பிரிந்த பிறகு இடது கிளை, இதயத்துக்கும் பெருந்தமனி வளைவுக்கும் வழிவிட்டு, வளைவுக்கு அடியில் புகுந்து சாய்வாக 5 சென்டிமீட்டர் போகிறது. வலது கிளைக்கு அந்த இடைஞ்சல் இல்லை. அகலமாக, கட்டையாக, இரண்டரை சென்டிமீட்டரில், கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. மேலேயிருந்து விழுகிற பருப்பு எந்தப் பக்கம் போகும்? இதயம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மறக்காதல்லவா, மீதியெல்லாம் அதன் பின்னால் வரும். இடது நுரையீரலுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டே மடல் என்பதும்கூட.

மூன்று வயசுப் பையன் ஒருவன் ஞாபகம் வருகிறான். வேகவைத்த மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டே அண்ணனோடு சிரித்து விளையாடியிருக்கிறான். பத்து நிமிஷம் பயங்கர இருமல், அப்புறம் அடங்கிவிட்டது. போய்விட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், இளைப்பு. இழுப்பு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இடது பக்கம் நன்றாகக் காற்று போகிறது, வலது பக்கம் அடியில் தூரத்தில் கேட்கிற மாதிரி. இரண்டு பக்கமும் இழுப்பு இருந்தால் ஆஸ்துமாவை நினைக்கலாம், ஒரே பக்கம் என்றால் 'என்ன சாப்பிட்டான்?' என்று கேட்க வேண்டும். கேட்டதும் அம்மா மல்லாட்டைக் கதையைச் சொன்னார். எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாது, காசு மாதிரி வெள்ளையாக விழாது. மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டு, பிராங்கோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். பாதிப் பருப்பு, ஊறிப் பெருத்திருந்தது. அம்மா அதைச் சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், பையனின் அண்ணனுக்குக் காட்டுவதற்கு.

தொண்டையில் சிக்கிய குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடு. சத்தமே வராமல் போனாலோ முகம் நீலமானாலோதான் உன் வேலை. ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால் தலை தாழக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. அதற்கு மேல் வயதென்றால் முதுகுத் தட்டும் வயிற்று அழுத்தமும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதே, உள்ளே தள்ளிவிடுவாய்.

வென்டிலேட்டருக்குக் குழாய் போடும்போதும் இதே கதைதான். கொஞ்சம் ஆழமாய்ப் போனால் வலது பக்கம் இறங்கிவிடும், இடது நுரையீரல் ஊமையாகிவிடும். இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கேள்வி: கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 6 கிராம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஆனால் ஆக்ஸிமீட்டர் 99 காட்டுகிறது. கூட வந்தவர் "நல்லாத்தான் இருக்காங்க, பயம்" என்றார். எது சரி?
– பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு, வில்லியனூர்

அந்த அம்மா சொன்னதுதான் சரி.

கடலூர்–பாண்டி ரூட்டில் பஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள். பஸ்தான் ஹீமோகுளோபின், அதில் ஏறுகிற பயணிதான் ஆக்ஸிஜன். ஆக்ஸிமீட்டர் பார்ப்பது, ஒவ்வொரு பஸ்ஸிலும் சீட் நிறைந்திருக்கிறதா என்பதை. எத்தனை பஸ் ஓடுகிறது என்பதை அது பார்க்காது. அந்த அம்மாவுக்கு 15 பஸ் ஓட வேண்டிய ரூட்டில் ஆறுதான் ஓடுகிறது. ஆறும் ஃபுல். மெஷின் 99 காட்டுகிறது.

கணக்காகவே பார். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். 15 கிராம் இருப்பவருக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 20 மில்லி. 6 கிராம் என்றால் 8 மில்லி. ரத்தநீரில் கரைந்து போகிற ஆக்ஸிஜன் 0.3 மில்லிதான், அதை நம்பி எதுவும் நடக்காது. ஆகவே இதயம் வேகமாக அடித்து, இருக்கிற ஆறு பஸ்ஸையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. படி ஏறும்போது அதுவும் போதாமல் போகிறது. ஏழாவது மாதத்தில் 6 கிராம் என்பது கடுமையான ரத்தசோகை. இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிற விஷயம் அல்ல, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நீ அனுப்பியிருப்பாய் என்று நம்புகிறேன்.

மெஷின் ஏமாறுகிற இன்னொரு இடத்தையும் தெரிந்துகொள். கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்ஸிஜன் ஏறியதாகவே எண்ணும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு நம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், ஞாபகமிருக்கும். அந்த மாதிரி நாளில் ஜெனரேட்டரை அடைத்த அறைக்குள் ஓட்டினால் உள்ளே இருப்பவர் மயங்கிக் கிடப்பார், விரலில் மாட்டினால் 98 காட்டும். நம்பாதே, முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவா.

கேள்வி: அக்கா நர்சிங் படிக்கிறாள், அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். கடலில் ப்ரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் நான்தான் இறங்கி அறுப்பேன். இறங்கும் முன் இருபது முப்பது தடவை வேகமாக மூச்சு விட்டால் கூட நேரம் அடக்க முடிகிறது. இது நல்லதா?
– மீனவர், தேவனாம்பட்டினம்

வேண்டாம் தம்பி. கூட நேரம் அடக்க முடிவது உண்மை, அதுதான் ஆபத்தே.

மூச்சை அடக்கினால் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வருகிறதே ஒரு தவிப்பு, அது ஆக்ஸிஜன் குறைந்ததால் வருவதல்ல. கரியமில வாயு ஏறுவதால் வருவது. வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு பெருமளவு வெளியே போய்விடுகிறது. ஆக்ஸிஜனோ, ஹீமோகுளோபின் முன்பே 97, 98 சதவீதம் நிறைந்திருப்பதால், கூடுதலாக ஏறுவது கொஞ்சம்தான். ஆக, டேங்கில் டீசல் அதேதான், 'டீசல் தீரப்போகிறது' என்று காட்டுகிற முள்ளைத்தான் பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள். தவிப்பு வருவதற்கு முன்பே மூளைக்கு ஆக்ஸிஜன் போதாமல் மயக்கம் வந்துவிடும். எந்த முன்னறிவிப்பும் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

சாதாரணமாக மூச்சு விட்டு, ஒரு தடவை ஆழமாக இழுத்துக்கொண்டு இறங்குங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனை மேலே இருப்பவர் கையில். மேலே வந்ததும் நன்றாக இளைப்பாறிவிட்டு மறுபடி இறங்குங்கள். அக்காவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், நல்ல கேள்வி அனுப்ப வைத்திருக்கிறாள்.

கேள்வி: வேகமாக மூச்சு விடுகிற நோயாளிக்கு அதிகக் காற்றுதானே உள்ளே போகும்?
– மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

ஒரு மூச்சு 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கிலும் குழாய்களிலுமே நின்றுவிடும், காற்றறைக்குப் போகாது. மீதி 350. நிமிஷத்துக்கு 12 என்றால் இழுப்பது 6000 மில்லி, பயன்படுவது 4200. வலிக்குப் பயந்து 250 மில்லி மூச்சாக 24 தடவை விடுகிறவரும் அதே 6000 மில்லியைத்தான் இழுக்கிறார். ஆனால் பயன்படுவது மூச்சுக்கு 100, மொத்தம் 2400. காற்று போகிறது, போய்ச் சேரவில்லை.

வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூச்சை ஆழமாக இழுத்துப் பழக மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் கொடுப்பது அதனால்தான். ஒரு வேண்டுகோள் தம்பி: கொடுத்துவிட்டுப் போய்விடாதே. பத்தில் ஏழு பேர் அதை ஊதல் மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டு. தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னால் தைரியமாக இழுப்பார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா நாற்பது வருஷம் பீடி குடித்தவர். மூச்சுத்திணறலோடு சேர்த்தபோது ஆக்ஸிஜனைக் குறைத்து வைத்தார்கள். கூட்டச் சொன்னோம், மறுத்துவிட்டார்கள். ஆக்ஸிஜனில்கூடவா சிக்கனம்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சிக்கனம் இல்லை ஐயா, சரியான வைத்தியம். இப்படிப்பட்ட நுரையீரல் உள்ளவர்களுக்கு ஆக்ஸிமீட்டர் 88-லிருந்து 92 வரை காட்டினால் போதும் என்பதுதான் முறை. பல வருஷம் பீடிப் புகையில் காற்றறைச் சுவர்கள் கிழிந்து, கரியமில வாயு வெளியேற முடியாமல் தங்கிப் பழகிவிட்ட நுரையீரல் அது. ஆக்ஸிஜனை அளவுக்கு மேல் திறந்துவிட்டால் அந்த வாயு ரத்தத்தில் ஏறி, ஆள் அயர்ந்து தூங்குவது போல மயக்கத்துக்குப் போய்விடுவார். வீட்டார் 'இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்' என்பார்கள். எழுப்பிப் பாருங்கள், அதுதான் சோதனை.

மாணவிகளுக்கு: 'ஆக்ஸிஜன் குறைவுதான் இவர்களை மூச்சு விடத் தூண்டுகிறது, அதைக் கொடுத்தால் தூண்டுதல் போய்விடும்' என்று பழைய நோட்ஸில் இருக்கும். அது பாதிக் காரணம்தான். காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு நுரையீரல் ரத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். ஆக்ஸிஜன் கொட்டினால் அந்த மடை திறந்து ரத்தம் வீணாக அங்கே பாய்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கரியமில வாயுவை உதறியும் விடுகிறது. மூன்றும் சேர்ந்த விளைவு. அதற்காக, 80-க்குக் கீழே கிடப்பவருக்கு ஆக்ஸிஜனே கொடுக்காமல் நிற்காதீர்கள். அளந்து கொடுங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: குறைமாதக் குழந்தை மூச்சு விடும்போது ஏன் முனகுகிறது?
– மாணவி, விருத்தாசலம்

காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு படலம் வேண்டும், சர்ஃபக்டன்ட் என்பார்கள். அது போதுமான அளவு ஊற ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் புது பலூனை ஊதுகிற பாடு. அதனால் குரல்வளையைப் பாதி மூடி, காற்றை முழுக்க வெளியே விடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறது. அந்தச் சத்தம்தான் முனகல். பசியில் முனகுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாமல் உடனே டாக்டரைக் கூப்பிடு. 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கப் பெண் டாக்டர்தான் இந்தப் படலக் குறைவைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

கேள்வி: வகுப்பில் விக்கல் வந்தால் "யாரோ நினைக்கிறாங்க" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது?
– மாணவி, கடலூர் ஓ.டி.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கிற தசையான உதரவிதானம் திடீரென்று வெட்டி இழுக்கிறது, காற்று உள்ளே பாய்கிறது, மறுகணமே குரல்வளை பட்டென்று மூடிக்கொள்கிறது. மூடுகிற சத்தம்தான் விக். உதரவிதானத்துக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது என்று அடுத்து கேட்பார்கள்: கழுத்தில், மூன்று, நான்கு, ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து. கழுத்து உடைந்த நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது தலையைப் பிடிக்க ஒருவர் தனியாக ஏன் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. விக்கல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நினைக்கிறவர் யார் என்பது சிலபஸில் இல்லை.